ஒரே வேலை, இரண்டு சம்பளம்: எல்லையோரப் பெண் தொழிலாளர்கள் அறிய வேண்டிய உரிமைகள்

ஷிப்ட் மாறும் வேளையில் கெலமங்கலம் வழியாகப் போகும் சாலைகளில் கம்பெனிப் பேருந்துகளின் நடமாட்டம்தான் அதிகம். தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கிளம்பும் பெண்களில் ஒரு பகுதியினர் ஓசூர் சிப்காட்டுக்கும் சுற்றுவட்டார மின்னணு ஆலைகளுக்கும் போகிறார்கள். இன்னொரு பகுதியினர் மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திராப் பக்கம் போகிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் பெண்கள் இங்கே வந்து விடுதிகளில் தங்கி, உள்ளூர்ப் பெண்களோடு ஒரே லைனில் நிற்கிறார்கள். ஊரை ஒட்டிய ரோஜாத் தோட்டங்களிலும் பாலிஹவுஸ்களிலும், தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய் வயல்களிலும் இரு தரப்பும் சேர்ந்தே பாடுபடுகிறது. வேலைக்காக மாநில எல்லையைத் தாண்டும் பெண் என்றால் வடக்கேயிருந்து ரயிலேறி வந்தவர் மட்டும் நம் நினைவுக்கு வரக்கூடாது. கெலமங்கலத்திலிருந்து தினமும் கர்நாடகத்துக்குப் போய்த் திரும்பும் பெண்ணும் அந்தக் கணக்கில் வர வேண்டியவர்.

இவர்கள் எல்லோருக்கும் சம ஊதிய உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகவே இருக்கிறது. ‘ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு’ என்று இரண்டு தொகையைத் தாளில் எழுதி வைக்கும் ஆலை இன்று அநேகமாக இருக்காது. தோட்ட வேலையில் மட்டும் வாய்ப்பேச்சாக ஆள் கூலி, பெண்ணாள் கூலி என்ற பிரிவினை இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. அப்படியிருந்தும் மாதக் கடைசியில் பெண்ணின் கைக்கு வரும் தொகை ஏன் குறைகிறது? வெளிமாநிலப் பெண்ணின் கைக்கு வருவது ஏன் அதைவிடவும் குறைகிறது? வேலைக்கு வைத்திருக்கும் பெயரில் ஒரு பகுதி போகிறது. ஆள் எடுத்துக் கொடுத்தவரின் பங்காக ஒரு பகுதி போகிறது. ஓவர்டைமும் படிகளும் ஆண்களுக்கே ஒதுங்குவதில் ஒரு பகுதியும், பிடித்தங்களில் ஒரு பகுதியும் போகின்றன. அடிப்படைச் சம்பளம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற பதிலோடு நின்றுவிட்டால் இந்த நான்கும் கண்ணில் படாது. உண்மையில் செய்யும் வேலை என்ன, கைக்கு வரும் மொத்தத் தொகை என்ன என்ற இரண்டையும் ஒப்பிட்டால்தான் இடைவெளி தெரியும். தெரிந்தால்தான் அதை மூட முடியும்.

இது ஒரு வட்டாரத்தின் சின்னச் சிக்கல் இல்லை. 2019-20ஆம் ஆண்டின் தொழிலகங்கள் கணக்கெடுப்புப்படி, இந்திய ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 2022 நவம்பரில் அப்போதைய மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூருக்கு அருகே ஐபோன் தயாரிப்புக்காக எழும் ஆலையில் 60,000 பேர் வேலை பெறுவார்கள் என்றும், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் வட்டாரப் பழங்குடிப் பெண்கள் என்றும் அறிவித்தார். அதாவது இந்தத் தொழில் வளர்ச்சியே பெண்களின் உழைப்பை, குறிப்பாகத் தொலைவிலிருந்து வரும் இளம் பெண்களின் உழைப்பை, நம்பித் திட்டமிடப்பட்டது. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களின் நிலை இதற்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 1963 முதல் சம ஊதியச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் முழுநேர வேலையில் ஒரு வெள்ளையின ஆண் ஒரு டாலர் பெறும்போது அந்தப் பெண்கள் பெறுவது 60 சென்டைக்கூட எட்டவில்லை. பெண் என்பதற்காக ஒரு குறைப்பு, வெளியாள் என்பதற்காக இன்னொரு குறைப்பு என்று இரண்டும் ஒருவர் மேலேயே விழும்போது, சட்டப் புத்தகம் மட்டும் அவரைக் காப்பாற்றுவதில்லை.

கூலி எங்கே கரைகிறது?

ஒரு ரோஜாத் தோட்டத்தின் வேலைப் பிரிவினையைப் பார்ப்போம். பூ வெட்டுவது, களை எடுப்பது, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரிப்பது, கொத்துக் கட்டுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. மருந்தடிப்பது, சொட்டுநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்வது, பெட்டி ஏற்றுவது ஆண்கள் வேலை. எந்த மொட்டு எந்தப் பதத்தில் வெட்டப்பட்டால் சந்தை வரை தாங்கும் என்பது வெட்டும் பெண்ணின் கண்ணில் இருக்கிறது. காம்பு ஒரு தரம் குறைந்தால் விலையும் குறையும். தோட்டத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கும் இந்தத் திறமை ‘லேசான வேலை’ என்று பெயர் பெறுகிறது. பெட்டி தூக்குவது ‘ஆள் வேலை’ ஆகிறது. ஆடை ஆலையிலும் இதே கதைதான். கட்டிங், அயர்னிங் பக்கம் ஆண்கள் அதிகம். செக்கிங், டிரிம்மிங், ஹெல்ப்பர் வரிசைகளில் பெண்கள் அதிகம். மின்னணு ஆலையில் நுண்ணிய பாகங்களை மணிக்கணக்கில் பிழையில்லாமல் பொருத்தும் பெண் ஆண்டுக்கணக்கில் ‘டிரெய்னி’யாகவே இருந்தால், அவர் பயிற்சி எப்போது முடிந்தது என்ற கேள்வி எழ வேண்டும். பயிற்சிப் பணி என்பது கற்றுக்கொள்வதற்கான காலம். நிரந்தரத் தொழிலாளியின் அதே உற்பத்தி இலக்கை அவரிடமும் கேட்கிறார்கள் என்றால் அவர் செய்வது வேலைதான்.

இடையில் நிற்பவரின் பங்கு இரண்டாவது ஓட்டை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்கங்கள் கட்டப்பட்டபோது, வெளிமாநிலங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்களுக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் கூட்டிவந்த ஜமேதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டதால் தொழிலாளிக்குக் கிடைத்தது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு 7 ரூபாய்தான் கொடுக்கப்பட்டது என்பது அப்போது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த புகார். மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் தொடுத்த அந்த வழக்கில் 1982 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. ஒப்பந்தக்காரர் செய்யும் மீறலுக்குத் தான் பொறுப்பில்லை என்று வேலை கொடுத்த அமைப்பு ஒதுங்க முடியாது என்றும் சொன்னது. நாற்பது ஆண்டு கடந்தும் ஜமேதாரின் இடத்தில் ஏஜென்டும் மேன்பவர் காண்ட்ராக்டரும் மேஸ்திரியும் இருக்கிறார்கள். ஆள் சேர்க்கும்போது முன்பணம், டிக்கெட் செலவு, சீருடைச் செலவு என்று கழிக்கப்படும் தொகைகள் பெண்ணின் முதல் சில மாதச் சம்பளத்தைப் பாதியாக்கிவிடுகின்றன.

மூன்றாவது, ஓவர்டைமும் படிகளும். இரவு ஷிப்ட் படி, வருகைப் படி, உற்பத்தி ஊக்கத்தொகை, ஓவர்டைம் ஆகியவை சேர்ந்தால் மொத்தச் சம்பளத்தில் கணிசமான பங்கு. இரவில் பெண்ணை நிறுத்த வேண்டாம் என்று சூப்பர்வைசர் தானாக முடிவு செய்தாலும், மாதவிடாய் வலியில் ஒருநாள் விடுப்பு எடுத்தவருக்கு அந்த மாத வருகைப் படி மொத்தமும் போனாலும், விளைவு ஒன்றுதான். விடுதிப் பேருந்து நேரத்துக்குள் போயாக வேண்டிய வெளிமாநிலப் பெண்ணுக்கு ஓவர்டைம் வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் இடமே இல்லை. சிலருக்கு அது மறுக்கப்படுகிறது. சிலர் மீது திணிக்கப்பட்டு, இரட்டைக் கூலிக்குப் பதில் ஒற்றைக் கூலி கொடுக்கப்படுகிறது.

கடைசியாகப் பிடித்தங்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் படித்தால் பல விஷயங்கள் தெரியும். பி.எஃப். தொழிலாளியிடமிருந்து 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதுவும் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. நிர்வாகம் தன் பங்காகக் கட்ட வேண்டிய 12 சதவீதத்தையும் 3.25 சதவீதத்தையும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எடுக்கக்கூடாது. இவற்றுக்கு அப்பால் விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, சீருடை, ‘இதர’ என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்க உரிமை உண்டு. குறைந்த சம்பளத்தின் பாதிப்பு அந்த மாதத்தோடு முடிவதுமில்லை. பி.எஃப். கணக்கிடும் சம்பளத்தில் மாதம் 2,000 ரூபாய் குறைந்தால், இரு தரப்புப் பங்குமாகச் சேர்த்து மாதம் 480 ரூபாய், ஆண்டுக்கு 5,760 ரூபாய் அந்தப் பெண்ணின் சேமிப்பில் விழாமல் போகிறது. போனஸ், பணிக்கொடை, மகப்பேற்றுப் பலன் எல்லாமே சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், இன்றைய இடைவெளி பல ஆண்டுகளுக்குப் பின்தொடர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு அரசின் வழிகாட்டு நெறியாகவே வைத்திருக்கிறது. சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. சர்வதேசப் பெண்கள் ஆண்டான 1975-இல் அவசரச் சட்டமாக வந்து 1976-இல் சம ஊதியச் சட்டம் நிலைபெற்றது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, அந்தச் சட்டம் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. பழைய சட்டம் போய்விட்டதால் உரிமையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதிய தொகுப்பின் 3ஆம் பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பாலின அடிப்படையில் ஊதிய வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஆள் எடுப்பதிலும் வேலை நிபந்தனைகளிலும் அதே தடை உண்டு. சமமாக்குகிறோம் என்ற பெயரில் ஆணின் கூலியைக் குறைக்கவும் முடியாது.

‘ஒத்த தன்மையுள்ள வேலை’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம்தான் பெண் தொழிலாளியின் கையில் உள்ள வலுவான ஆயுதம். திறன், முயற்சி, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கும் சமமாக இருந்து, வேலைச் சூழலும் ஒத்திருந்தால் போதும். சின்னச் சின்ன வேறுபாடுகள் நடைமுறையில் முக்கியமானவையாக இல்லாவிட்டால் அவற்றைக் காரணம் காட்ட முடியாது. பதவிப் பெயர் இந்த நான்கில் ஒன்றாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சம ஊதியத்தைக் கணக்கிடும்போது வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம் படி ஆகியவற்றையும் ஊதியத்தில் சேர்க்க வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ஆக, அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான் என்ற பதில் சட்டப்படியும் முழுப் பதிலாகாது.

மற்ற பாதுகாப்புகளையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். ஓவர்டைமுக்கு இரு மடங்குக்குக் குறையாத கூலி. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தின் பாதியைத் தாண்டக்கூடாது. சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் அந்தத் தொழிலகத்தின் உரிமையாளரே கொடுக்கப் பொறுப்பாளி. வெளிமாநிலத் தொழிலாளியைப் பொறுத்தவரை, ஏஜென்ட் மூலம் வந்தவர் மட்டுமல்லாமல் தானாக வந்து வேலையில் சேர்ந்தவரும் புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் வரையறைக்குள் வருகிறார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். அந்தத் தொழிலகத்தின் மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள இ.எஸ்.ஐ., பி.எஃப். உள்ளிட்ட பலன்கள் இவர்களுக்கும் உண்டு. சொந்த ஊர் போய்வர ஒரு பயணத் தொகையும் உண்டு.

இந்தச் சட்டத்தில் ஓட்டைகளும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் உரிமையை நம்பிப் போகிறவர் நடுவழியில் ஏமாறுவார். ஒப்பீடு ‘ஒரே முதலாளி’யின் கீழ் உள்ளவர்களுக்கு மட்டுமே என்பதால், லைனில் பாதிப் பேரைக் கம்பெனியும் மீதிப் பேரைக் காண்ட்ராக்டரும் வைத்திருந்தால் வாதாடுவது கடினமாகிறது. 1979ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒரே மாதிரி வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் ஒரே கூலி என்று 13ஆம் பிரிவில் நேரடியாகவே சொன்னது; இடம்பெயர்வுக்காக ஒரு தனிப் படியும் கொடுத்தது. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் அந்த இடம்பெயர்வுப் படி இல்லை. சமக் கூலி பற்றிய அத்தனை வெளிப்படையான வாசகமும் இல்லை. 100ஆம் உடன்படிக்கை கேட்பது சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். நம் சட்டம் கொடுப்பது ஒத்த வேலைக்குச் சம ஊதியம். பூ வெட்டுபவருக்கும் பெட்டி ஏற்றுபவருக்கும் இடையே நியாயம் கேட்க முதல் அளவுகோல் போதும். இரண்டாவது பல நேரம் போதாது.

பெயரை விட்டு வேலையைப் பார்த்த தீர்ப்பு

இருக்கிற சட்டத்தை வைத்தே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனிக்கும் ஆட்ரி டிகோஸ்டாவுக்கும் இடையே நடந்த வழக்கு உதாரணம். மேலதிகாரிகளுக்கு உதவியாக இருந்த ‘பெண் ஸ்டெனோகிராபர்’களுக்கு, அதே வேலை பார்த்த ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடக் குறைந்த சம்பளம் தரப்பட்டது. இது தனிப்பிரிவு, இதில் ஆண்களே இல்லை, எனவே ஒப்பிட முடியாது என்றது கம்பெனி. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படியே சம்பளம் கொடுத்ததாகச் சொன்னது. கூட்டிக் கொடுக்கும் அளவுக்கு நிதிநிலை இல்லை என்றும் சொன்னது. 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மூன்றையும் ஏற்கவில்லை. ஒரே வேலையைச் செய்யும் பெண்களைத் தனிப்பிரிவில் அடைத்து, பிறகு அந்தப் பிரிவையே குறைந்த சம்பளத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது; சங்க ஒப்பந்தம் சட்டத்துக்கு மேல் நிற்காது; முதலாளியின் பணவசதியைப் பார்த்துச் சட்டம் நடப்பதில்லை. டிரெய்னி, ஹெல்ப்பர், பெண்ணாள் என்ற பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பார்க்கச் சொல்லும் எவரும் இந்தத் தீர்ப்பின் மேல் நின்று பேசலாம்.

பெயர் மாற்றம் எவ்வளவு பிடிவாதமானது என்பதை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகிறது. 1968-இல் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள், தங்கள் வேலையைத் திறன் குறைந்த தரத்தில் வைத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கார் உற்பத்தியே நின்றது. அவர்கள் கூலி உயர்ந்தது. 1970-இல் சம ஊதியச் சட்டம் வரவும் அது வழிவகுத்தது. ஆனால் அவர்கள் முதலில் கேட்ட தர உயர்வு, இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1984-இல்தான் கிடைத்தது. கூலியை உயர்த்தச் சம்மதித்த நிர்வாகமும்கூட, அந்த வேலை திறமையான வேலை என்று ஒப்புக்கொள்ளப் பதினாறு ஆண்டு எடுத்துக்கொண்டது.

எதிர்வாதங்களுக்குப் பதில்

ஆண்கள் கனமான வேலை செய்கிறார்கள், அதனால் கூடுதல் கூலி என்பது தோட்டத்தில் முதலில் வரும் பதில். சுமை தூக்குவதற்குத் தனிக் கூலி கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அன்று பெட்டி ஏற்றாத நாளிலும், களை மட்டும் எடுத்த நாளிலும், ஆணுக்கு ஆள் கூலிதானே கொடுக்கப்படுகிறது? அப்படியானால் கூலி சுமைக்குக் கொடுக்கப்படவில்லை. முயற்சி என்பது தோள் பலம் மட்டும் ஆகாது. எட்டு மணி நேரம் குனிந்தே இருப்பதும், மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து உட்கார்ந்திருப்பதும் முயற்சிதான். நூறு நாள் வேலைத் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியை வங்கிக் கணக்கில் போட்டபோது, தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் பெரும்பான்மையாக வந்தவர்கள் பெண்கள். வேலை செய்யத் தயங்கியதால் அவர்கள் குறைந்த கூலி பெறவில்லை என்பதற்கு அதுவே சான்று.

தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், அதையும் சேர்த்தால் சம்பளம் சரியாக இருக்கிறது என்பது இன்னொரு பதில். ஊதியச் சட்டத் தொகுப்பு, நிர்வாகம் கொடுக்கும் குடியிருப்பு வசதியின் மதிப்பை ஊதியத்தின் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. விடுதி பெண்களுக்கான பரிசாக மட்டும் கட்டப்படுவதில்லை. ஆயிரக்கணக்கானோரை நேரம் தவறாமல் ஷிப்டுக்குக் கொண்டுவர ஆலைக்கு அது தேவை. அந்த விடுதி எப்படி இருக்கிறது என்பதும் ஊதியத்தோடு சேர்ந்த கேள்விதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மின்னணு ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோய்வாய்ப்பட்ட பிறகு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மோசமான சோற்றையும் நெரிசலான அறையையும் கொடுத்துவிட்டு, அதன் விலையைச் சம்பளத்தில் கழிப்பது இரட்டை நஷ்டம்.

சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார் என்பார்கள். தெரியாத மொழியில் எழுதிய தாளில், ஊரில் கடனை வைத்துவிட்டு வந்தவர் போட்ட கையெழுத்து எவ்வளவு சம்மதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 60ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்துப் போட்டவரும் வழக்குப் போடலாம்.

வடமாநிலத்தவர் வந்ததால் நம் பெண்களின் கூலி குறைந்தது என்ற கோபம் இந்த வட்டாரத்தில் உண்டு. அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது தவறான ஆள் மேல் விழுகிறது. ஜார்க்கண்ட் பெண்ணைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள முடியும் வரை, தேன்கனிக்கோட்டைப் பெண் கூலி உயர்வு கேட்டால் வேறு ஆள் இருக்கிறார் என்ற பதிலே வரும். இருவருக்கும் ஒரே கூலி என்றால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. வெளிமாநிலப் பெண்ணுக்குச் சமக் கூலி கேட்பது உள்ளூர்ப் பெண்ணின் கூலியைக் காக்கும் வழியும்தான். இதே நியாயம் எல்லைக்கு அப்பாலும் பொருந்தும். 2020 ஏப்ரலில் சேர வேண்டிய பஞ்சப்படி உயர்வை, மாதம் 417 ரூபாய் அளவில், கர்நாடக ஆடை ஆலைகள் பல கொடுக்காமல் வைத்திருந்தன. தொழிற்சங்கங்களும் சர்வதேச உரிமை அமைப்புகளும் விடாமல் வலியுறுத்திய பிறகே நிலுவை வரத் தொடங்கியது. நம் ஊர்ப் பெண் அங்கே வெளியாள். அவருக்காகக் குரல் கொடுத்தவர்கள் கன்னடத் தொழிலாளர்கள்.

கூலியை உயர்த்தினால் கம்பெனி எல்லை தாண்டிப் போய்விடும் என்ற அச்சம் பலமானது. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். பாலினப் பாகுபாட்டுக்கான தடை அத்திப்பள்ளியிலும் ஓசூரிலும் ஒன்றுதான். இந்தத் தடையிலிருந்து தப்பிக்க எல்லை தாண்டிப் பயனில்லை. ஆலைகள் இங்கே வருவது நிலம், நெடுஞ்சாலை, பெங்களூரின் அருகாமை, பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆகியவற்றுக்காக. பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் அமலுக்கு வந்த 1970-களில் ஆண், பெண் ஊதிய இடைவெளி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பெண்கள் கூட்டமாக வேலை இழந்துவிடவில்லை. அடிக்கடி ஆள் மாறும் லைனில் பழுது அதிகம், பயிற்சிச் செலவும் அதிகம் என்பது எந்த உற்பத்தி மேலாளருக்கும் தெரியும். நியாயமான கூலி கொடுத்தால் பழகிய கை நிலைக்கும். அதில் ஆலைக்கும் லாபம் உண்டு.

என்ன செய்யலாம்?

முதல் வேலை ஆவணங்களைச் சேர்ப்பது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு வரவு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் படம், ஷிப்ட் நேரம், ஓவர்டைம் மணி ஆகியவற்றை மாதாமாதம் பத்திரப்படுத்த வேண்டும். தோட்ட வேலை என்றால் தேதி, செய்த வேலை, வாங்கிய கூலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால் போதும். அதே வேலை செய்யும் ஆணின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது, இருவரும் என்ன வேலை செய்கிறோம் என்பதைத் திறன், முயற்சி, அனுபவம், பொறுப்பு என்ற வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். கூலி ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆம் பிரிவு சொன்னாலும், இந்தக் குறிப்பு கையில் இருந்தால் வழக்கு உறுதிப்படும்.

அடுத்தது கூட்டாகப் போவது. குறைகூலி கோரும் மனுவைத் தொழிலாளியே கொடுக்கலாம். அவர் சார்ந்த தொழிற்சங்கமும் கொடுக்கலாம். ஒரே மனுவில் எத்தனை பேரையும் சேர்க்கலாம். தனியாகக் கொடுப்பவர் அடையாளம் காணப்பட்டுப் பழிவாங்கப்படும் அபாயத்தை இது குறைக்கிறது. மனு கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நாளுக்கு 100 ரூபாய் குறைவு, மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாண்டில் 90,000 ரூபாய். ஒவ்வொரு மாதத் தாமதமும் அந்தக் கணக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு மாதத்தைத் தின்றுவிடும். நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. குறைத்துக் கொடுத்த முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலை செய்பவர்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுக வேண்டும். அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ வேலை என்றால், வீடு கெலமங்கலத்தில் இருந்தாலும், புகார் கர்நாடகத் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். குறைந்தபட்சக் கூலியும் அந்த மாநிலத்துடையதே பொருந்தும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மிரட்டல், விடுதியில் அடைத்து வைத்தல், தொந்தரவு என்றால் 181 பெண்கள் உதவி எண். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று சட்டமே பட்டியலிட்டிருக்கிறது.

தனித்தனிப் புகார்களால் மட்டும் ஒரு வட்டாரத்தின் கூலி முறை மாறிவிடாது. 2021-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு இளம் ஆடைத் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தை ஏற்படுத்தியது. வாங்கும் பெரிய நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்கியதும், வெளிமாநிலத் தொழிலாளர்களையும் அதற்குள் கொண்டுவந்ததும் அந்த ஒப்பந்தத்தின் பலம். துன்புறுத்தலைத் தடுக்கப் போட்ட அதே வழியை ஊதியத்துக்கும் போடலாம். ஓசூர் வட்டாரத்தில் சிஐடியு, ஏஐடியுசி, எல்பிஎஃப் போன்ற சங்கங்கள் இருக்கின்றன. அவை நிரந்தர ஆண் தொழிலாளியை மட்டும் உறுப்பினராகப் பார்க்காமல், இந்தி, ஒடியா பேசத் தெரிந்தவர்களையும் வைத்து விடுதிப் பெண்களிடமும் ஒப்பந்தப் பெண்களிடமும் போக வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒரே லைனில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நேரடித் தொழிலாளிக்கும், உள்ளூர்க்காரருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் ஒரே கூலி என்ற பழைய நிபந்தனை, தமிழ்நாட்டின் விதிகளில் எழுத்தில் இருக்க வேண்டும். சலுகை பெறும் ஒவ்வொரு ஆலையும், ஓவர்டைமும் படிகளும் சேர்த்த மொத்தச் சராசரி ஊதியத்தை ஆண், பெண், உள்ளூர், வெளிமாநிலம், நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி என்று பிரித்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஐஸ்லாந்து 2018 முதல் 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் சம ஊதியச் சான்று பெற வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கானோரை வைத்திருக்கும் இங்குள்ள ஆலைகளுக்கு அது பெரிய பாரம் ஆகாது. சம்பளச் சீட்டு தமிழோடு தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும். எல்லையின் இருபுறத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து ஒரே புகார் மையம் நடத்த வேண்டும்.

ஓசூர் எல்லைப் பகுதி இன்னும் வளரும். வேலைக்கு இன்னும் பெண்கள் வருவார்கள். அவர்களில் யாரிடமும் நீ யார், எந்த ஊர், யார் மூலம் வந்தாய் என்று கேட்டுக் கூலி நிர்ணயிக்கக்கூடாது. என்ன வேலை செய்கிறாய் என்ற ஒரே கேள்வி போதும். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதும் கம்பெனியும், அதைச் சரிபார்க்கும் அரசும், அதைக் கேட்கத் துணியும் சங்கமும் இருந்தால், இங்கிருக்கும் சட்டத்தைக் கொண்டே இந்த இடைவெளியில் பெரும்பகுதியை மூடிவிடலாம். மிச்சத்தை மூடச் சட்டத்தை மாற்றக் கேட்பது நம் கடமை.